சோலாரில் கம்ப்யூட்டர் ஓட்டலாமா? ஒடுகத்தூர் பக்கம், லோ வோல்டேஜ் தொல்லையோடு

ஒடுகத்தூர் டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். அணைக்கட்டு தாலுகா, ஒடுகத்தூருக்குப் பக்கத்து ஊர். வீட்டின் முன்னறையில் டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கண்ணீர் அஞ்சலி. மற்றதுக்கெல்லாம் “நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிடலாம். கண்ணீர் அஞ்சலிக்கு அப்படிச் சொல்ல முடியாது. எடுப்பதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும்.

கரண்ட் போவது மட்டும் தொல்லை இல்லை. இருக்கும்போதே இல்லாத மாதிரி இருக்கிறது. லைனில் கடைசி வீடு எங்களுடையது. சுற்றிலும் கிணற்று மோட்டார். நான்கைந்து சேர்ந்து ஓடினால் ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம். 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியும் இருக்கின்றன. பேட்டரி கேரண்டி முடிவதற்குள்ளேயே படுத்துவிட்டது. இப்போது பச்சை விளக்கு எரிந்தாலும் முக்கால் மணி நேரம் தாங்கவில்லை.

சோலார் போடலாம் என்று இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 3 கிலோவாட் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலார்) போடு, மானியம் வரும் என்கிறார். இன்னொருவர் 335 வாட் பேனல் ஒன்று, பிடபிள்யூஎம் சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டி) ஒன்று போட்டு, இருக்கிற இன்வெர்ட்டரிலேயே சேர்த்துத் தருகிறேன் என்கிறார். எது சரி? எனக்கு அந்த ஒரு அறை ஓடினால் போதும்.

காட்பாடி ஜங்ஷன்:

யோசிக்கவே வேண்டாம், ஆன்கிரிட் போடுங்க. பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். எங்கள் தெருவிலேயே போட்டிருக்கிறார்கள், பில் கிட்டத்தட்ட இல்லை. வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்?

வயர்மேன் குடியாத்தம்:

தம்பி காட்பாடி, அவர் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கரண்ட் நின்றால் கம்ப்யூட்டர் ஓடணும் என்கிறார். ஆன்கிரிட் அதைத்தான் செய்யாது.

கரண்ட் போன அடுத்த நொடி ஆன்கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கெட்டுப்போய் நிற்பதில்லை, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. நம் மாடியிலிருந்து கரண்ட் திரும்ப லைனில் ஏறினால், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கதி என்ன? அதனால் லைனில் வோல்டேஜ் இல்லையென்றால் அது வேலை செய்யக் கூடாது என்பது விதி. இன்னொன்றும் இருக்கிறது. வோல்டேஜ் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினாலும் கழன்றுகொள்ளும். ஒடுகத்தூர்க்காரர் சொல்கிற மாதிரி லைன் என்றால், மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் 3 கிலோவாட் பேனலும் மாடியில் சும்மா காயும்.

பெரிய வீடு, ஏசி, பில் ஆயிரக்கணக்கில் வருகிறது என்றால் ஆன்கிரிட் அருமையான ஏற்பாடுதான். இவருக்கு இல்லை.

காட்பாடி ஜங்ஷன்:

அப்படியென்றால் ஹைப்ரிட் போடலாமே அண்ணா. பேட்டரியும் இருக்கும், லைனோடும் சேர்ந்திருக்கும்.

வயர்மேன் குடியாத்தம்:

போடலாம். ஒரு அறைக்காக ஊரையே வாங்குகிற செலவு ஆகும்.

ஆரணி அட்டை:

நான் ஆரணி. பட்டுச் சேலை ஜக்கார்டுக்கு டிசைன் போட்டு அட்டை அடிக்கக் கொடுக்கிற வேலை, எனவே எனக்கும் கம்ப்யூட்டர்தான் சோறு. பேனலைப் பற்றிப் பேசும் முன்னால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் அறை எத்தனை வாட் இழுக்கிறது? இதைத் தெரிந்துகொள்ளாமல் யார் விலை சொன்னாலும் குத்துமதிப்புதான்.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பவர் சப்ளை பெட்டி) மேல் 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள். அது கொடுக்க முடிந்த அளவு, இழுக்கிற அளவு இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண டெஸ்க்டாப், மானிட்டரோடு சேர்த்து 70-லிருந்து 120 வாட்டுக்குள் முடிந்துவிடும்.

பிளக்கில் செருகுகிற வாட் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஈபி மீட்டரே போதும். அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் 3200 இம்பல்ஸ் என்ற மாதிரி ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை மின்னும் என்று அர்த்தம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு (ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜிங், சாமி அறை ஜீரோ வாட் பல்பு உட்பட) கம்ப்யூட்டரை மட்டும் நேரடி லைனில் ஓட்டி, பத்து நிமிடத்துக்கு எண்ணுங்கள். 48 தடவை மின்னினால் ஒரு மணிக்கு 288. அதை 3200-ஆல் வகுத்தால் 0.09 யூனிட், அதாவது 90 வாட். அப்புறம் ஃபேனை மட்டும், அப்புறம் வைஃபை பெட்டியை மட்டும் இதே மாதிரி.

ஒடுகத்தூர் டிடிபி:

எண்ணிப் பார்த்தேன் அண்ணா. வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கம்ப்யூட்டரும் மானிட்டரும் 90 வாட் சுமார். வைஃபை 10. ஃபேன் 70! ஃபேன் இவ்வளவு தின்னும் என்று தெரியாது.

வயர்மேன் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் “டக்” என்று சத்தம் போட்டு பேட்டரிக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்ப “டக்”. சாயந்திரம் ஆனால் ஓயாமல் இதுதான். இது ஏதாவது கோளாறா?

வயர்மேன் குடியாத்தம்:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. பேட்டரி செத்த காரணம் இதுதான்.

இன்வெர்ட்டர் பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலை. (சிலதில் நார்மலுக்கு இசிஓ என்றோ வைட் என்றோ போட்டிருக்கும்.) உங்களுடையது யுபிஎஸ்ஸில் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அந்த நிலையில் வோல்டேஜ் 180-க்குக் கீழே வந்தாலே “கரண்ட் போச்சு” என்று முடிவு செய்து பேட்டரிக்கு மாறிவிடும். நார்மலில் 100 வோல்ட் வரைக்கும் லைனிலேயே ஓட்டும். உங்கள் லைன் 160, 170-ல் ஊசலாடுகிறது. ஊருக்கெல்லாம் கரண்ட் இருக்கிற நேரத்தில் உங்கள் பேட்டரி மட்டும் தனியாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பேட்டரியில் ஓடும்போது சார்ஜ் ஏறாது. லைனுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்திலும் முழுசாக ஏறுவதற்குள் மறுபடி “டக்”. லெட் ஆசிட் பேட்டரியை அரைகுறை சார்ஜில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் தகட்டில் சல்பேட் படிந்துவிடும். பச்சை விளக்கு எரியும், உள்ளே சரக்கு இருக்காது. ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற கருவி) வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் 1240 சுமார் காட்டணும். ஆறு செல்லும் 1180-க்கு மேலே ஏற மறுத்தால் அதற்கு மாலை போட்டுவிடலாம்.

சோலார் போட்டாலும் போடாவிட்டாலும் இதைச் சரி செய்யாமல் புது பேட்டரி வாங்காதீர்கள். அதுவும் இதே வழியில் போகும்.

ஒடுகத்தூர் டிடிபி:

பந்தயம் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். யுபிஎஸ்ஸில்தான் இருந்தது. நார்மலில் போட்டேன், சாயந்திரம் “டக்” சத்தமே இல்லை. ஆனால் கரண்ட் நிஜமாகவே போனபோது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. பத்திரிகை ஒன்று சேவ் செய்யாமல் போயிற்று. மாப்பிள்ளை வீட்டாரின் தாத்தா பாட்டி பெயர் முழுவதும் மறுபடி அடித்தேன்.

வயர்மேன் குடியாத்தம்:

ஆகும். நார்மலில் மாறுவதற்கு எடுக்கிற நேரம் கொஞ்சம் அதிகம். ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, இன்வெர்ட்டருக்கு முன்னால் 130 வோல்ட்டிலிருந்து தூக்கிக் கொடுக்கிற 2 கேவிஏ ஸ்டெபிலைசர் போட்டுவிட்டு யுபிஎஸ் நிலைக்கே திரும்பலாம். ரிலே வகை ஸ்டெபிலைசர் படி மாறும்போது ஒரு துடிப்பு கொடுக்கும், சில இன்வெர்ட்டர் அதற்கும் மிரளும். சர்வோ வகை மிரட்டாது, விலை கூட.

இன்னொன்று, இன்வெர்ட்டரை நார்மலில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் வோல்டேஜைத் தூக்குகிற வசதி உள்ள 600 விஏ குட்டி யுபிஎஸ் வையுங்கள். அது தாங்க வேண்டியது ஒரு நொடிக்கும் குறைவு, எனவே அதன் குட்டி பேட்டரி ரொம்ப நாள் வரும். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவாக (ஈபி கரண்ட் மாதிரியே சீரான அலை கொடுப்பதாக) இருந்தால்தான் இது சரிப்படும். ஸ்கொயர் வேவ் கொடுத்தால் குட்டி யுபிஎஸ் அதைக் கரண்ட் என்றே ஒத்துக்கொள்ளாமல் கத்தும். எது என்று சொல்லுங்கள்.

ஒடுகத்தூர் டிடிபி:

சைன் வேவ் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அப்போது இரண்டாவது வழி. சரி அண்ணா, சோலார்?

ஆரணி அட்டை:

இப்போது கணக்குப் போடலாம். கம்ப்யூட்டர், மானிட்டர், வைஃபை சேர்ந்து 100 வாட். எட்டு மணி நேரத்துக்கு 800 வாட்-மணி. ஃபேன் 70 வாட், எட்டு மணிக்கு 560. ஆக 1360. இன்வெர்ட்டர் தன் பங்குக்கு ஒரு பகுதியைச் சூடாக்கித் தீர்த்துவிடும்; அதற்கு 15 சதவீதம் வைத்தால் பேட்டரிப் பக்கத்திலிருந்து 1600 வேண்டும்.

ஃபேனை பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 30 வாட்தான், 240 வாட்-மணி. மொத்தம் 1040. பேட்டரிப் பக்கத்தில் 1225 சுமார். ஒரே ஒரு ஃபேன் மாற்றி இவ்வளவு மிச்சம். பேனலில் காசு போடும் முன் இதில் போடுங்கள்.

அடுத்து பேனல். 335 வாட் பேனல், நம் பக்கம் நாளுக்கு முழு வெயிலாகக் கணக்கிட்டால் 5 மணி நேரம். தூசி, சூடு, வயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 30 சதவீதம் கழித்துவிடுங்கள். 335 × 5 × 0.7, கிட்டத்தட்ட 1170. உங்கள் தேவைக்குச் சற்றே குறைவு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இதில் பாதி வந்தால் பெரிய விஷயம். மீதியை ஈபி பார்த்துக்கொள்ளட்டும். முழுக்க முழுக்க சோலார் என்று பிடிவாதம் பிடித்தால் அந்த நாலு வார மழைக்காக வருடம் முழுக்கத் தேவைப்படாத பேனலும் பேட்டரியும் வாங்க வேண்டிவரும்.

இப்போது அந்த இரண்டாமவர் சொன்ன பிடபிள்யூஎம். அங்கேதான் இடிக்கிறது. 335 வாட் பேனல் 72 செல் பேனல். அது நன்றாக வேலை செய்கிற வோல்டேஜ் 37, 38. கரண்ட் 9 ஆம்ப் சுமார். உங்கள் பேட்டரி 12 வோல்ட். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலை அப்படியே பேட்டரியோடு ஒட்டிவிடும், வோல்டேஜ் 13-க்கு இறங்கிவிடும், கரண்ட் அதே 9 ஆம்ப்தான். 9 × 13 = 117 வாட். 335-க்குக் காசு கொடுத்து 117 வாங்குகிறீர்கள். எம்பிபிடி கன்ட்ரோலர் அந்த அதிக வோல்டேஜைக் கரண்ட்டாக மாற்றி 24 ஆம்ப் வரை கொடுக்கும். 30 ஆம்ப் எம்பிபிடி வாங்கி, சார்ஜிங்கை 20 ஆம்புக்குள் கட்டுப்படுத்தி வையுங்கள், 150 ஏஎச் பேட்டரிக்கு அதற்கு மேல் வேண்டாம். பகலில் கம்ப்யூட்டர் ஓடும்போது ஒரு பங்கு நேராக அங்கே போய்விடும்.

பிடபிள்யூஎம்தான் வேண்டுமென்றால் 12 வோல்ட் பேட்டரிக்கான 36 செல் பேனல் இரண்டு வாங்கி பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்க்கலாம். ஆனால் சின்னப் பேனல் வாட் கணக்கில் விலை அதிகம்.

பாகாயம் பையன்:

மே மாசம் கத்திரியில் எங்கள் மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்த மாசம் 335-க்கு 400 வரும் போல!

மலைப்பள்ளி வாத்தியார்:

தம்பி, நேர்மாறு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலில் எழுதியிருக்கும் 335 என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. வேலூரில் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டுகிற நாளில் கண்ணாடிக்கு அடியில் செல் 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் குறையும். 40 டிகிரி கூடுதலுக்கு 16 சதவீதம் போச்சு. 335 வாட் பேனல் 280-தான் கொடுக்கும். மாசி, பங்குனியில் வானம் தெளிவாக இருந்து காற்றும் இதமாக இருக்கிற நாட்களில் பாருங்கள், அப்போதுதான் நல்ல அளவு வரும்.

நான் ஜவ்வாது மலையில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். கீழே அணைக்கட்டில் இருக்கிற அதே பேனல் மேலே எங்களிடம் வெயில் நாளில் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும், குளிர் காற்றினால். ஆனால் மேகம் வந்து உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான். மலை என்றாலே மேகம் இல்லாத வானம் என்று நினைக்க வேண்டாம். காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, அவர்களும் மழைக்காலத்தில் கூரையை மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒடுகத்தூர் நண்பருக்கு இரண்டு விஷயம். பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். அடியில் காற்று போக ஒரு முழமாவது விடுங்கள். தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்வு நம் ஊருக்குப் போதும், மழையில் தூசியும் வழிந்துவிடும்.

மற்றது நிழல். தண்ணீர்த் தொட்டி நிழலோ தென்னை ஓலை நிழலோ ஒரு மூலையில் விழுந்தால் “ஓரம்தானே” என்று விடாதீர்கள். சாதாரண 72 செல் பேனலுக்குள் செல்கள் மூன்று வரிசைத் தொகுப்பாக நீளவாக்கில் ஓடுகின்றன. பேனலை நெட்டுக்குத்தாக வைத்து, அடியில் கைப்பிடிச் சுவர் நிழல் ஒரு சாண் விழுந்தால், மூன்று தொகுப்பும் ஒரே நேரத்தில் அடிபடும். பேனல் முக்கால்வாசி வெயிலில் இருந்தும் உற்பத்தி விழுந்துவிடும். அதே பேனலை நீளப்பக்கம் அடியில் வரும்படி வைத்தால் அந்த நிழல் ஒரு தொகுப்பை மட்டும் பிடிக்கும், மீதி இரண்டும் ஓடும். காலை 9 மணிக்கும் சாயந்திரம் 4 மணிக்கும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு அப்புறம் இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஆரணி அட்டை:

வாத்தியார் சார், உங்கள் பள்ளியில் எப்படி ஓட்டுகிறீர்கள்? இன்வெர்ட்டர் வைத்தா?

மலைப்பள்ளி வாத்தியார்:

இன்வெர்ட்டரே இல்லை. ராஸ்பெரி பை 4, ஒரு 20 இன்ச் மானிட்டர். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் டிசி. அதை 230 வோல்ட் ஏசி ஆக்கி, அதை மறுபடி அடாப்டர் வழியாக 12 வோல்ட், 5 வோல்ட் டிசி ஆக்குவது எதற்கு? ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே 10, 20 வாட் எடுக்கும். எங்கள் கம்ப்யூட்டர் மொத்தமே 24 வாட். பை 6, மானிட்டர் 18. அதற்குப் போய் இன்வெர்ட்டர் வைத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

மானிட்டர் வாங்கும்போது தனி அடாப்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். அதில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. பேட்டரி 12.8 வோல்ட் 50 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 640 வாட்-மணி. நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் 120 செலவாகும். வெயிலே வராவிட்டாலும் நாலு நாள் தாங்கும். 100 வாட் பேனல் போதுமானது.

ஒரு எச்சரிக்கை: 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறும். மானிட்டரையோ வைஃபை பெட்டியையோ நேராகப் பேட்டரியில் மாட்டாதீர்கள். நடுவில் ஏறினாலும் இறங்கினாலும் 12-ஐயே கொடுக்கிற டிசி கன்வெர்ட்டர் ஒன்று வேண்டும். சின்னப் பொருள்தான்.

காட்பாடி ஜங்ஷன்:

அப்போ ஒடுகத்தூர்க்காரரும் டெஸ்க்டாப்பை விற்றுவிட்டு லேப்டாப் வாங்கலாமே? லேப்டாப் 30 வாட்டில் ஓடும். கார் சார்ஜர் மாதிரி 12 வோல்ட்டில் மாட்டுகிற 65 வாட் டைப்-சி சார்ஜர் கிடைக்கிறது. இன்வெர்ட்டரும் வேண்டாம், யுபிஎஸ்ஸும் வேண்டாம், ரீஸ்டார்ட்டும் ஆகாது.

ஆரணி அட்டை:

காட்பாடி முதல் தடவையாகச் சரியாகச் சொல்கிறார் :) புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் இதுதான் என் பதிலும். 30 வாட், எட்டு மணி, 240 வாட்-மணி. 150 வாட் பேனலும் சின்ன லித்தியம் பேட்டரியும் போதும், முழு ஏற்பாடும் ஒரு மேசைக்கு அடியில் அடங்கிவிடும். லேப்டாப்பே வேண்டாம், பெரிய திரை வேண்டும் என்றால் இன்டெல் என்100 சிப் வைத்த குட்டிப் பெட்டிகள் வருகின்றன. பத்திரிகை டிசைனுக்குத் தாராளம், 10-லிருந்து 20 வாட்டுக்குள் முடியும். நிறைய மாடல் 12 வோல்ட்டே எடுக்கும்.

ஒடுகத்தூர் டிடிபி:

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பிழைப்பு பேஜ்மேக்கரில். பழைய பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அதில்தான், யூனிகோடு வருவதற்கு முந்தின எழுத்துருக்களில். தமிழ் மென்பொருளுக்கு ஹார்டுவேர் லாக் ஒன்று உண்டு, பழைய பிரிண்டர் போர்ட்டில் சொருகுவது. புது லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே கிடையாது. லாக் இல்லாவிட்டால் ஒரு எழுத்து வராது. வருகிறவர்களும் “போன தடவை அக்கா கல்யாணத்துக்குப் போட்ட மாதிரியே” என்றுதான் கேட்கிறார்கள்.

ஆரணி அட்டை:

புரிகிறது. என் பழைய ஜக்கார்டு டிசைன் மென்பொருளுக்கும் இதே கதைதான். அப்போது பழைய பெட்டி இருக்கட்டும். புதிய வேலையை மட்டும் குட்டிப் பெட்டிக்கு மெதுவாக மாற்றுங்கள். பழைய மாதிரி வேண்டும் என்று வருகிறவர்களுக்கு மட்டும் டெஸ்க்டாப்பை ஆன் செய்யுங்கள்.

பாகாயம் பையன்:

எல்லாம் சரி, காசு கணக்கு யாரும் சொல்லவில்லையே. இது எத்தனை வருஷத்தில் திரும்பும்?

ஆரணி அட்டை:

நேர்மையாகச் சொன்னால் கரண்ட் பில்லில் திரும்பாது. நாளுக்கு 1 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். மாதம் 26 நாள், இரண்டு மாத பில்லுக்கு 54 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 430 ரூபாய், வருடத்துக்கு 2,600 சுமார். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் நிஜத்தில் இதைவிடவும் குறையும். பேனல், எம்பிபிடி, ஸ்டாண்ட், வயர், கூலி சேர்த்தால் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும், அதில் பேட்டரி சேராது. பேனல் இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும். ட்யூபுலர் பேட்டரியை நடுவில் மூன்று நான்கு தடவையாவது மாற்றியாக வேண்டும்.

பில் குறையணும் என்று பேட்டரி சோலார் போடுகிறவரைத் தடுத்து நிறுத்தணும். வேலை நிற்கக் கூடாது என்று போடுகிறவரைத் தடுக்க வேண்டியதில்லை. பாதி நாள் கரண்ட் இல்லாத அந்த 2012-ல் இங்கே யாரும் இன்வெர்ட்டருக்கு லாப நட்டம் பார்த்து வாங்கவில்லை.

ஒடுகத்தூர் டிடிபி:

ஒரு கண்ணீர் அஞ்சலி கை நழுவினால் அந்தக் குடும்பம் அடுத்த கல்யாணத்துக்கும் குடியாத்தத்துக்குப் போய்விடும். எனக்கு அந்தக் கணக்குதான்.

வயர்மேன் குடியாத்தம்:

வரட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் :)

சரி, போடப்போகிறீர்கள் என்றால் என் பங்குக்குச் சில. இதை வேலை செய்ய வருகிறவரிடம் படித்துக் காட்டுங்கள்.

பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் டிசி எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக விழுகிற சுவிட்ச்) போடணும். வீட்டில் மிச்சம் கிடக்கிற ஏசி எம்சிபியை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும், அதனால் சுவிட்சைத் திறந்தால் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டிசி பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. பொறி பிடித்துக்கொண்டு எரியும், பிளாஸ்டிக் உருகும்.

பேட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். மாடியிலிருந்து கன்ட்ரோலர் வரை 4 ஸ்கொயர் எம்எம் தாமிர சோலார் வயர். வீட்டு ஒயரிங் வயர் வெயிலில் தோல் வெடித்துவிடும். கன்ட்ரோலரை பேட்டரி பக்கத்தில் வையுங்கள், மாடியில் இல்லை. 12 வோல்ட் பக்கம் நீளமாகப் போனால் நஷ்டம்: 10 ஆம்ப் கரண்ட்டை 2.5 வயரில் பத்து மீட்டர் கொண்டுபோனால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே காலி. 12-ல் ஒன்றரை என்றால் எட்டில் ஒரு பங்கு.

பேட்டரியை சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகையில் வைக்காதீர்கள். பத்து டிகிரி சூடு கூடினால் லெட் ஆசிட்டின் ஆயுள் பாதி. நிழலான, காற்றோட்டமான இடம், பக்கத்தில் சாமி விளக்கு கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

ஸ்டாண்டைச் செங்கல் வைத்து நிறுத்துகிறவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். சித்திரை வைகாசியில் மழைக்கு முன்னால் ஒரு சூறைக்காற்று அடிக்குமே, அதற்குப் பேனல் பட்டம்தான். தளத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட், இல்லையென்றால் கால்களுக்கு கான்கிரீட் கட்டை. எர்த் தனியாக.

கடைசியாக ஒன்று, இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். இன்வெர்ட்டர் ராத்திரி முழுக்க ஈபியில் சார்ஜ் செய்து பேட்டரியை நிரப்பிவிட்டால், காலையில் பேனலுக்கு வேலையே இருக்காது. பேட்டரி நிறைந்திருந்தால் கன்ட்ரோலர் பேனலை ஒதுக்கிவிடும். வெயில் இருக்கும்போது ஈபியைத் தானாகத் துண்டித்து பேட்டரியிலும் பேனலிலும் ஓட்டி, பேட்டரி குறைந்தால் திரும்ப ஈபியைச் சேர்க்கிற வசதி உள்ள எம்பிபிடியாகக் கேட்டு வாங்குங்கள். ரெட்ரோஃபிட் என்று சொன்னால் கடையில் புரியும். ஈபியைத் திரும்பச் சேர்க்கிற அளவைத் தாழ்த்தி வைக்காதீர்கள், பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது.

பேரணாம்பட்டு நெட் சென்டர்:

இழையை முழுக்கப் படித்தேன். லேசர் பிரிண்டரையும் இதிலேயே மாட்டலாமா? என்னிடம் ஜெராக்ஸும் உண்டு.

ஆரணி அட்டை:

லேசர், ஜெராக்ஸ் இரண்டும் வேண்டாம். தாளில் பொடியை உருக்குகிற உருளை சூடாகும்போது சில நொடிக்கு 800 வாட்டுக்கு மேல் இழுக்கும். 900 விஏ இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும், கூடவே கம்ப்யூட்டரும். அதை நேரடி லைனில் வையுங்கள். இங்க்ஜெட் 15, 20 வாட்தான், தாராளமாக மாட்டலாம்.

ஒடுகத்தூர் டிடிபி:

என்னுடையது இங்க்ஜெட்தான், தப்பித்தேன். நான் எடுத்த முடிவு: இந்த மாதம் பிஎல்டிசி ஃபேனும் 600 விஏ யுபிஎஸ்ஸும். அடுத்து ஹைட்ரோமீட்டர் பார்த்துவிட்டு பேட்டரி. தைக்கு அப்புறம் கல்யாண சீசன் காசு வந்ததும் 335 வாட் பேனலும் ரெட்ரோஃபிட் எம்பிபிடியும். மாடியில் இப்போதே கோடு போட்டுவிட்டேன் சார். தொட்டி நிழல் நினைத்ததைவிட நீளமாக விழுகிறது, பேனல் வடக்கு ஓரத்துக்குப் போகணும். அண்ணா, மாட்டும்போது நான் கூட நின்று பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

வயர்மேன் குடியாத்தம்:

உண்டு. கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியைச் சேர்க்கணும். அது 12 வோல்ட் என்று திரையில் காட்டியதும் அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், அப்புறம் பேட்டரி. வருகிறவர் அவசரத்தில் மாற்றிச் செய்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பேனல் மட்டும் சேர்ந்து பேட்டரி இல்லாமல் இருந்தால் அந்த 40-சொச்சம் வோல்ட்டில் சில கன்ட்ரோலர் அன்றைக்கே புகையும்.